சூடு இல்லாத வரி

கோப்பில் மூன்று வரிகள் இருந்தன. வீட்டில் இருந்ததோ இரண்டே பேர்: அவளும், நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு உள்ளறையில் படுத்திருந்த மகளும்.

வீட்டில் யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள், உடம்பில் சூடு எவ்வளவு என்று நிமிடத்துக்கு ஒருமுறை, ஆளுக்கொரு வரியாக, குறித்துவைக்கும் கருவி அது. விற்பனைக்கு விடுமுன் சோதித்துப் பார்க்க கம்பெனி அவள் வீட்டிலேயே மாட்டியிருந்தது. அதன் கோப்பைக் கணினியில் ஏற்றி, வேண்டிய வரிகளை மட்டும் வடிகட்டி எடுப்பது அவள் வேலை.

சீனியரைப் போனில் பிடித்தாள். அடுத்தவர் வேலையில் கைவைத்துவிட்டு ஒன்றும் தெரியாத பூனையாக இருப்பவர் என்று அவர்மேல் அவளுக்கு எப்போதுமே சந்தேகம்.

"கோப்புல நீங்க எதையாவது சேர்த்தீங்களா சார்?"

"நான் ஏம்மா சேர்க்கப்போறேன்? அந்த மூணாவது வரி தினமும்தான் வருது. சூடு காலியா இருந்தா உங்க புரோகிராம் ஏத்தும்போதே தூக்கிப் போட்டுடுது. இன்னைக்கு அந்தக் கட்டளையை நீக்கிட்டேன், அவ்வளவுதான்." சிரித்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போய் பாப்பாவைப் பாருங்க."

பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தாள். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கவே பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக, எதையும் கழிக்காமல், மறுபடி ஏற்றினாள். வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது, காயாத துணியின் வாடையும் மகளுக்குக் கொடுத்த இருமல் மருந்தின் இனிப்பும் கூடத்தில் கலந்து நின்றன, ஃபிரிட்ஜ் உறுமி உறுமி அடங்கியது.

முதல் நாளிலிருந்தே அந்த வரி இருந்தது. பெயர் இல்லை, சூடு இல்லை. அரைகுறை வரி, குப்பை என்று அவளேதான் இத்தனை நாளும் கழித்துக்கட்டியிருக்கிறாள்.

அந்த வரிகளை மட்டும் பிரித்தெடுத்தாள். இடம் மட்டும் பதிவாகியிருந்தது. முதலில் வாசல். பிறகு சமையலறை. இந்த வாரம் முழுக்க மகளின் கட்டில் ஓரம்.

காய்ச்சல் தொடங்கியதும் இந்த வாரம்தான்.

மகளிடம் போக நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். திரையில் புது நிமிடம் விழுந்தது.

மகள்: கட்டில். சூடு, காலி.

பெயரில்லாதது: கூடம். சூடு, நூற்றிரண்டு.

அவள் மேஜை கூடத்தில்தான் இருந்தது.

"அம்மா," மகள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். பல நாளாகக் கேட்காத தெளிந்த குரல். "காய்ச்சல் விட்டுருச்சும்மா."

அவள் திரையில் இருந்த எண்ணையே பார்த்தாள். திரும்பவில்லை. பிடரியில் சூடாக ஒரு மூச்சு பட்டது. அதில் இருமல் மருந்து மணத்தது.