பால் சேர்ந்துச்சா

ரிப்கான் தன் மோட்டார் சைக்கிளை ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு முன்னால் நிறுத்தியபோது மத்தியான மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழைக்கு ரப்பர் வெட்டு இல்லை, தோட்டமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. அவன் தெஹியோவிட்டையில் பிரிட்ஜ் திருத்துகிறவன். இந்தக் காம்பரா என்றதும் முதலில் வரமாட்டேன் என்றான். அங்கே குடியிருக்கும் விஜயகலா அவன் கடை வாசலில் நின்ற நிற்பைப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டான்.

குசினித் தரை முழுக்கத் தண்ணீர். துடைத்துப் பிழிந்து நிமிர்வதற்குள் பிரிட்ஜின் அடியிலிருந்து மறுபடி ஊறி வந்தது.

"அக்கா, வேற காம்பரா கேளுங்களேன்" என்றான் ரிப்கான், குரலைத் தாழ்த்தி.

"எதுக்கு? நான் என்ன பேய்க்கா வாக்கப்பட்டேன், புளியமரம் ஏற? உள்ள எம் புள்ளையோட இன்சுலின் இருக்கு, ரிப்கான் நானா. நேத்தையில இருந்து பொட்டி சூடு காட்டுது. மருந்து கெட்டா சுமித்ராவுக்கு நான் எங்க போவேன்? நீங்க பொட்டியப் பாருங்க."

பக்கத்துக் காம்பரா மூக்கையா வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு டம்ளர் பால். இந்தக் காம்பராவுக்குக் குடிவந்தவர்கள் எல்லாரும் அவர் சொல்லித்தான் மூலையில் பால் வைத்தார்கள். வைத்தும் ஒருவரும் தங்கவில்லை.

"வைச்சிரு புள்ள. புஷ்பம் பால் கேட்டுக்கிட்டே செத்தவ. இந்த லயத்துலயே பிரிட்ஜ் உனக்கு மட்டுந்தான் இருக்கு, அதான் அதுல வந்து குந்திக்கிட்டா."

"எம் புள்ளைக்கே பால்மா கிடைக்கல மாமா. பேய்க்கு டம்ளர்லயா?"

மூக்கையாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் கதை சொல்கிற ருசி விடவில்லை. புஷ்பம் இந்தக் காம்பராவில் இருந்த பால்வெட்டுக்காரி. வாளியோடு பாறையில் வழுக்கி விழுந்தவளை இந்தக் குசினிக்குத்தான் தூக்கி வந்தார்கள். கண் செருகியிருந்தது. வாய் மட்டும் ஓயாமல் பால், பால் என்றது.

"உசுரு போறப்ப பால் கேட்டா ஊத்தாம இருக்க முடியுமா? எங் கையாலதான் ஊத்துனேன். ரெண்டு மடக்கு இறங்குச்சு. பொறவு அடங்கிட்டா."

அவர் அதைப் பெருமையாகவே சொன்னார்.

ரிப்கான் பிளக்கைப் பிடுங்கினான். உள்ளே பின்சுவரின் அடியில் இருக்கும் சின்னத் துளையைக் காட்டி, "ஐஸ் உருகிற தண்ணி இதால பின்னுக்கு இருக்கிற தட்டுக்குப் போகணும். அடைஞ்சிரிக்கி, வேறொண்டுமில்ல" என்றான். சுடுதண்ணீர் ஊற்றிக் கம்பியை விட்டான். கம்பி எதிலோ மாட்டியது. இழுத்தான்.

வந்தது வெள்ளையாக, நீளமாக, இழுக்க இழுக்க வந்துகொண்டேயிருந்தது.

ஒட்டுப்பால். மரத்தில் வெட்டிய தழும்பில் காய்ந்து நிற்குமே, அந்த ரப்பர். தோட்டத்து ஸ்டோரின் புளித்த நெடி குசினியை நிறைத்தது. பிரிட்ஜுக்குள் ரப்பர் எப்படி வரும்?

துளைக்குள்ளிருந்து மூச்சு வாங்கும் சத்தம்.

பிளக் தரையில் கிடந்தது.

"பால்..."

தொண்டையில் எதுவோ அடைத்துக்கொண்ட குரல்.

"யா அல்லாஹ்!" ரிப்கான் கம்பியை விட்டான், பையை விட்டான், செருப்பையும் விட்டுவிட்டு மழைக்குள் ஓடினான். மோட்டார் சைக்கிள் சத்தம் சரிவில் இறங்கித் தேய்ந்தது.

விஜயகலாவின் கண் அந்த ஒட்டுப்பாலை விட்டு நகரவில்லை. அவளும் பால்வெட்டுக்காரிதான். ரப்பர் பால் வாளியைத் தூக்கினால், அந்தப் பால் உறையுமுன் ஸ்டோருக்குச் சேர்க்கும்வரை மனம் வேறெதிலும் நிற்காது. விழுந்து கிடக்கிற பால்வெட்டுக்காரி எந்தப் பாலைக் கேட்பாள்?

"மாமா, அவங்க வாளி என்னாச்சு?"

"வாளியா? அது பாறையில கொட்டிப் போச்சு. அத யாரு பார்த்தா?"

அடப் பாவிகளா! வாளியைக் கேட்டவளின் வாயில், மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த வாயில், டம்ளர் பாலை ஊற்றியிருக்கிறார்கள். விஜயகலாவுக்குப் பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. ஈரத் தரையில் மண்டியிட்டுத் துளைக்கு நேராக முகத்தை வைத்தாள்.

"அக்கா, உங்க பால் சேரல. பாறையில கொட்டிப் போச்சு. பொய் சொல்ல மாட்டேன். உங்களுக்கு நடந்தது அநியாயம். அதுக்கு எம் புள்ளையோட மருந்துதான் கெடைச்சுச்சா? நான் இங்கருந்து போகமாட்டேன். நீங்க இருக்கணும்னா இருந்துக்குங்க. என் பொட்டிய விட்டுருங்க."

நெடி மெல்லக் குறைந்தது. துளைக்குள் தண்ணீர் மடமடவென்று இறங்கிப் பின்தட்டில் விழுந்தது. அதற்குப் பிறகு மிக மெதுவாக, காதுக்குப் பக்கத்தில்:

"ஊத்துனது... யாரு?"

விஜயகலா திரும்பி வாசலைப் பார்த்தாள். மூக்கையா டம்ளரை வைத்துவிட்டு எப்போதோ போயிருந்தார். எங் கையாலதான் ஊத்துனேன் என்று அவர் சொன்னதுதான் காம்பரா முழுக்கக் கேட்டிருந்ததே.

விடிந்தபோது தரை காய்ந்து கிடந்தது. இரவே பிளக்கை மாட்டியிருந்தாள். பிரிட்ஜ் சீராக ஓடியது, மருந்துக் குப்பி கைக்குச் சில்லென்றிருந்தது. சுமித்ராவுக்கு ஊசி போட்டு, தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். மூக்கையா வாசற்படியில் வைத்துப்போன டம்ளரைக் கழுவக் கவிழ்த்தாள். பால் கொட்டவில்லை. ரப்பராக இறுகியிருந்ததைப் பிடுங்கி, ஒட்டுப்பால் கூடையில் வீசினாள்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கையாவின் இருமல் கேட்டது. தொண்டையில் எதுவோ அடைத்துக்கொண்டதுபோல, விடாத இருமல். அவர் மருமகள் வாசலில் வந்து கத்தினாள்.

"விஜயகலாக்கா, ஓடி வாங்க! எங்க குசினியெல்லாம் தண்ணி. வெள்ளையா ஊறி வருது!"

விஜயகலா தரை துடைக்கும் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மூக்கையா வீட்டில் பிரிட்ஜ் கிடையாது.