வேப்பமரத்துக் குழாய்

“கட்சிக் கூட்டந்தான் போன வாரமே முடிஞ்சிபோச்சே, இன்னும் எதுக்குய்யா இது கத்திக்கினு கெடக்குது?”

மைக்செட் சக்கரபாணியின் சட்டையை நிலவன் பிடிக்காத குறை. சக்கரபாணி வேப்பமரத்தைக் காட்டினான். “கண்ணத் தொறந்து பாருங்க சார். கனெக்ஷனே இல்ல. ஆம்ப்ளிஃபயர் மந்தாரக்குப்பத்துல என் கடையில கெடக்குது. ஏணி கெடச்சதும் கொழாய அவுத்துக்கிறேன்.”

உண்மைதான். குழாய் ஸ்பீக்கரின் பின்னால் ஒரு சாண் ஒயர் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் புவனா கேட்டில் சாய்ந்து, “எங்களுக்கு ஒண்ணும் கேக்கலியே தம்பி,” என்றாள். மூன்று பிளாக் தாண்டிக் குக்கர் விசில் எண்ணுகிற காது அது.

நிலவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். பிதுல் சோறு வடித்துக்கொண்டிருந்தான். அசாமிலிருந்து நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவன். வாடகைக்கு இருக்கிறான் என்று நிலவன் தெருவுக்குச் சொல்லியிருந்தான். தெருவும் நம்பியதாகச் சொல்லியிருந்தது. வீட்டில் கட்டில் இரண்டு. ஒன்றில் துணி மட்டும்தான் கிடக்கும்.

ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊரில் அந்தியில் கரண்ட் போனது. சாம்பல் வாடையும், கஞ்சியின் ஆவியும், தூரத்துக் கன்வேயர் பெல்ட்டின் உறுமலும் ஒன்றாகக் குழைந்து இருட்டில் நின்றபோது, அந்தக் கட்சிப் பேச்சாளனின் கரகரத்த குரல் மெல்லக் கசியத் தொடங்கியது.

“மூஞ்சியப் பாருங்க. அது நம்ம மண்ணு மூஞ்சியா?”

மேடையில் கைதட்டல் வாங்கிய அதே வரி.

“ஆம்பளையும் ஆம்பளையும் குடும்பம் நடத்துறானுங்களாம். நம்ம பண்பாடு என்னாவுறது? எங்கியோ இல்ல. நம்ம பிளாக்குலியே.”

கடைசி வரி மேடையில் இல்லை.

“மரத்துலேர்ந்து வருது. உனக்குக் கேக்குதா?” என்றான் நிலவன்.

பிதுல் பின்னால் நகர்ந்தான். சுவர் முதுகில் இடித்தது. அவன் கண் ஜன்னல் பக்கம் போகவேயில்லை.

“மரம் இல்ல,” என்றான் தன் அரைத் தமிழில். “நீ.”

நிலவன் உதட்டைத் தொட்டான். அசைந்தது. அவன் பேசவில்லை. வாய் பேசியது.

பொத்தினான். விரலிடுக்கில் குரல் வழிந்தது. பிதுலின் பெயரைச் சொன்னது.

வெளியே கைதட்டல். ஒவ்வொரு கேட்டிலிருந்தும். நிதானமாக.

பிதுல் மறுநாளே ரயிலேறினான். எந்த ஊருக்கு என்று புவனாவுக்கே தெரியாது என்றால் பாருங்கள். தையில் நிலவனுக்கும் நெல்லிக்குப்பம் சரிதாவுக்கும் கல்யாணம். சக்கரபாணிதான் மைக்செட். ஆடிச் சீருக்கு அம்மா வீட்டுக்குப் போன சரிதா திரும்பவில்லை. காரணம் கேட்டால் ஒன்றைத்தான் சொல்கிறாள்: விளக்கை அணைத்ததும் பக்கத்துத் தலையணையில் அவர் அயர்ந்து தூங்குகிறார், வாய் மட்டும் குழாய் போல வட்டமாக விரிந்து பேசுகிறது. இரு கண்ணிலிருந்தும் நீர் வழிகிறது. கட்டிலுக்கடியில் யாரோ கைதட்டுகிறார்கள்.