ஆடு பார்க்க வந்தவன்

"லமேரியன் பொண்டாட்டி! லமேரியன் பொண்டாட்டி யாருங்க?"

அவ்வளவுதான். வேல மரத்தடியில் கூடியிருந்த பெண்கள் கலையத் தொடங்கினார்கள். ஒருத்தி எழுந்தாள், அவள் பின்னால் இன்னொருத்தி... கண் மூடித் திறப்பதற்குள் மரத்தடி காலி.

நைரோபியிலிருந்து வந்த கியோகோ திருதிருவென்று விழித்தான். விதவைகளுக்கு உதவித் திட்டத்தில் கொடுத்த ஆடுகள் பிழைத்தனவா, அவர்கள் வாழ்க்கை மாறியதா என்று கேட்டு எழுதுவதுதான் அவன் வேலை. பாவம், இந்த ஊர்ச் சம்புரு இன மக்கள் நடுவே செத்தவர் பெயரை உச்சரிக்கவே கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள். நாசியேகு. அந்தக் கண்கள்... அப்பப்பா! அவனை எரித்துக்கொண்டே நிறைந்துகொண்டிருந்தன.

"அறிவிருக்கா உனக்கு? என் புருஷன் பேரைச் சந்தையில கூவுற மாதிரிக் கூவுறே!"

"ஐயோ... மன்னிச்சிடுங்க. சத்தியமாத் தெரியாதுங்க."

"தெரியலன்னா கேக்கணும். கேக்கத்தானே உன்னை அனுப்பியிருக்காங்க?"

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகி, வண்டி திரும்ப வழியில்லை. மறுநாள் நனைந்து நடுங்கிக்கொண்டு அவள் குடிசை வாசலில் நின்றான் கியோகோ.

"மறுபடியும் மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"ஆமாங்க... டீ கெடைச்சா அதையும் குடிக்கலாம்னு..."

"வெக்கமே இல்லையா உனக்கு? சரி, பால் கறக்கணும். ஆட்டைப் பிடி."

பிடித்தான். ஆடு விட்டது ஓர் உதை! அலுவலகச் சட்டையோடு சேற்றில் உட்கார்ந்தான். நாசியேகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். புருஷன் போனபின் இன்றுதான் சிரிக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கியோகோ ஒன்றும் கேட்கவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்திருந்தான். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள்தான் மற்ற பெண்களிடம் பேசி அவர்களை மரத்தடிக்குத் திரும்ப வரவைத்தாள். மழை விடுகிற நேரத்தில் அவன் எழுதினான். விடாத நேரத்தில் அவள் அடுப்படியில் டீ குடித்தான். அவள் குட்டிப் பெண் அவன் மடியில் ஏறித் தூங்கப் பழகிவிட்டாள். கடவுளே, இந்த ஆறு வடியவே வேண்டாம் என்று நாசியேகு வேண்டிக்கொண்டாள்... வேண்டியதை நினைத்து வெட்கப்பட்டாள்.

"என்கூட வந்துடு, நாசியேகு. கல்யாணம் பண்ணிக்கலாம்."

அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கள்ல பொம்பளைக்கு ஒரே கல்யாணம்தான். அவரு போனாலும் நான் அவரு பொண்டாட்டிதான்."

விடுவானா? நேரே அவள் கொழுந்தனிடம் போய் நின்றான். அந்த மனுஷன் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை.

"அவ வீட்டுல தாராளமா டீ குடி, தம்பி. நாங்க எதுவும் கேக்க மாட்டோம். ஆனா கூட்டிட்டுப் போறேன்னா, பிள்ளையை விட்டுட்டுத்தான் போகணும். அது எங்க அண்ணன் பிள்ளை. இந்த வீட்டை விட்டு வராது."

கியோகோ திரும்பி வந்தான். என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாதா என்ன?

ஆறு வடிந்தது. கிளம்புகிற காலையில் அவளிடம் மட்டும் அவன் கேட்க வேண்டிய கேள்விகள் மிச்சம் இருந்தன. மரத்தடியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"ஆடுங்க பிழைச்சுதா?"

"பிழைச்சுது."

"பால்?"

"இருக்கு. பொண்ணு வயிறு நெறையுது. எழுதிக்கோ."

"உங்க... உங்க வாழ்க்கை மாறியிருக்கா?"

தூரத்தில் அவள் மகள் ஓர் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்தபடி நாசியேகு சொன்னாள்.

"அடுத்த வருஷமும் ஆட்டைப் பாக்க வருவீங்கள்ல? வேற ஆளை அனுப்பச் சொல்லு."

"ஏன்... என்னைப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு, கியோகோ. ரொம்பப் பிடிச்சிருக்கு." கண்ணீரை அவள் துடைக்கக்கூட இல்லை. "இன்னொரு தடவை நீ வந்தா... என் பொண்ணை விட்டுட்டு உன்கூட வந்துடுவேன்."