இருபத்தெட்டாம் சுற்று

அன்று காலை பதினொன்றேகாலுக்குத் தண்ணீருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிடலாம். சோதனைக்கூடத்துக்காரருக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

முதுகுத்தண்டில் ஊசி குத்தி எடுத்த நீரில் கிருமி ஒளிந்திருந்தால், அதன் மரபணுவை இயந்திரம் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும். திரையில் ஒரு கோடு எழும். கூடவே ஒரு குழலில் வெறும் தண்ணீரும் வைப்பார்கள். அதன் கோடு படுத்தே கிடக்க வேண்டும். எழுந்தால் எங்கோ கலப்படம். எல்லா முடிவும் குப்பைக்கு.

அன்று எழுந்தது. இருபத்தெட்டாம் சுற்றில்.

விசிறி இரைந்துகொண்டிருந்தது. ப்ளீச்சிங் நெடிக்கு அடியில், காய்ச்சலில் வியர்த்த குழந்தைத் தலையின் வாசனை மெல்லப் பரவியது.

வார்டு நர்ஸ் போனில் கத்தினாள். "அண்ணே, அந்தப் பையன் ரிசல்ட் எங்கே? எந்தக் கிருமின்னு தெரியாம எல்லா மருந்தும் ஏத்தறோம், கிட்னி தாங்கல. அவங்கம்மா என் கையை விட மாட்டேங்கறாங்க."

"மறுபடி ஓட்டணும்மா. மூணு மணி நேரம்."

உதவிக்கு இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். "மெஷினுக்கு இன்னிக்கு மாப்பிள்ளை முறுக்கு."

"தண்ணியை ஃப்ரீசர்ல எந்தத் தட்டுலேர்ந்து எடுத்தே?"

"மேல்தட்டு. அடித்தட்டைத்தான் நீங்க தொடவே விட மாட்டீங்களே!"

மூன்று மாதத்துக்கு முன் அதே சுற்றில் எழுந்த கோடு அவர் மகளுடையது. வீட்டில் அவளுக்கு 'வாலு' என்று பெயர். ஊசி இறங்கும்போது அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். "விட்டுடாதேப்பா." தன்னைவிட வேகமாக யார் சோதிப்பார்கள் என்று, "இதோ வந்துடறேன்" என விரலை உருவிக்கொண்டு குழலோடு ஓடினார். முடிவு சரியாகத்தான் வந்தது. அவர் திரும்பி வந்தபோது அந்தக் கை ஜில்லிட்டிருந்தது.

அவள் குழலில் மிச்சம் இரண்டு சொட்டு. எரிக்க அனுப்ப மனம் வரவில்லை. மூடியில் 'தண்ணீர்' என்று எழுதி, உறைபெட்டியின் அடித்தட்டில் ஒளித்துவைத்தார்.

இப்போது பெட்டியைத் திறந்தார். மூடி வைத்தது வைத்தபடி. உள்ளே இரண்டு சொட்டு இல்லை. கழுத்துவரை நிறைந்திருந்தது. அந்தக் குளிரிலும் உறையவில்லை. வெதுவெதுப்பு. அவள் நெற்றியைப்போல.

மேல்தட்டுக் குழல்களைத் தொட்டார். அவையும்.

போன் மறுபடி அடித்தது. வார்டில் மகனின் கட்டிலருகே ஒரு தாய் நின்றுகொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் எரிக்கும் பையில் போட்டார். கடைசியாக அதை. "இதோ வந்துடறேன்." பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. பை எரிகூடத்துக்குப் போயிற்று.

சீல் உடைக்காத புட்டியிலிருந்து புதுத் தண்ணீர். மூன்று மணி நேரம். இருபத்தேழு. இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

"தண்ணி அசந்து தூங்குதுண்ணே! பையனுக்கு இது வேற கிருமி, மருந்து இருக்கு!" தாளைப் பிடுங்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினாள் உதவிப் பெண்.

அவர் கை கழுவக் குழாயைத் திறந்தார்.

வெதுவெதுப்பாக வந்தது.

கையை இழுத்தார். வரவில்லை. ஐந்து சின்ன விரல்களின் அழுத்தம், சுண்டுவிரலைச் சுற்றி.

குழாயை மூடினார். தண்ணீர் நின்றது.

பிடி விடவில்லை.