ரெண்டு மணி வரைக்கும்

ஆஸ்பத்திரிக்கு மார்க் போடும் மதிப்பீட்டு அதிகாரி காலை ஒன்பதரைக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றி ஓரமாக வைத்தார், கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவரைத் திட்டுவீர்கள். திட்டு வாங்க வேண்டியவள் நான்.

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்று சுவர்க் கடிகாரத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏசியின் இரைச்சல், பினாயில் வாடை, பினாயிலால் போகாத இன்னொரு வாடை. பெட் எட்டு. நர்ஸ் இரண்டு பேர், நானும் ஜெட்டும். அவள் நடக்கிற வேகத்துக்கு நான் வைத்த பேர் அது. மானிட்டர் மூன்றுதான் வேலை செய்யும். அன்றைக்கு மட்டும் அறுவை அரங்கிலிருந்து ஐந்தை இரவல் வாங்கி எல்லாப் பெட்டுக்கும் மாட்டியிருந்தோம்.

மணிக்கொரு தடவை ஒவ்வொரு நோயாளிக்கும் நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் பார்த்துச் சார்ட்டில் எழுத வேண்டும். எட்டுப் பேருக்கு ஊசி போட்டு, சளி உறிஞ்சி, துணி மாற்றி, இதையும் இரண்டு பேர் எப்படிச் செய்வது? அதனால் காலை எட்டு மணிக்கே மதியம் இரண்டு வரைக்கும் எழுதி வைத்துவிடுவோம். எல்லா வரியிலும் ஒரே எண் இருந்தால் பொய் பல்லை இளிக்கும். எண்பத்தெட்டு, எண்பத்தாறு, மறுபடி எண்பத்தெட்டு என்று கொஞ்சம் ஏற்றி இறக்கிப் போடுவோம். இதற்கு எங்கள் பேச்சில் அட்வான்ஸ் என்று பெயர். அன்றைக்குக் கண்டிப்பாகப் போட்டாக வேண்டும் என்று தலைமை நர்ஸ் சொல்லியிருந்தார். கட்டம் காலியாக இருந்தால் மார்க் போகும், மார்க் போனால் பிரிவையே மூடிவிடுவார்கள், இதை விட்டால் அடுத்த தீவிர சிகிச்சைப் பிரிவு நாலு மணி நேரப் பயணம்.

ஆறாம் பெட்டில் ஒரு தையல்காரர். நுரையீரலில் சளி கட்டி மூன்று நாளாக எங்களிடம் இருந்தார். அவர் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நான் கதவைத் திறக்கும் போதெல்லாம் எழுந்து நிற்பாள். அன்று காலை நான் எழுதுவதைத் தையல்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டுக் கேட்டார்.

"சிஸ்டர், நான் பொழச்சிருவேனா?"

வேலை அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ரெண்டு மணி வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. எழுதியே வச்சிட்டேன், பாருங்க."

அவர் சிரித்தார். "அப்ப ரெண்டு மணி வரைக்கும் இருந்தாகணும். உங்க பேச்சைக் கெடுக்கக் கூடாது."

"அது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அடுத்த ஷிப்ட் எழுதும்."

பதினொரு மணிக்கு மூன்றாம் பெட்டில் மருந்து ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தையல்காரரின் காலில் என் கை பட்டது.

சில்லென்றிருந்தது.

ஏசிக் குளிர்ச்சி எனக்குத் தெரியும். இது வேறு. நகமெல்லாம் கருநீலம். நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. கண் பாதி திறந்து, சார்ட் தொங்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தில் விரலை வைத்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

நிமிர்ந்து மானிட்டரைப் பார்த்தேன். நாடி எண்பத்தெட்டு, ஆக்சிஜன் தொண்ணூற்றேழு. பச்சைக் கோடு அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சார்ட்டைப் பார்த்தேன். பதினொரு மணி வரியில் என் கையெழுத்தில் எண்பத்தெட்டு, தொண்ணூற்றேழு.

மூன்று வார்டுக்கு ஒரே டாக்டர். ஓடிப்போய் அழைத்து வந்தேன். அவர் மானிட்டரைப் பார்த்தார், அதிகாரி நிற்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"நாடி ஓடுதேம்மா. ஓடுற நெஞ்ச நான் போய் அமுக்கவா? இன்னைக்குன்னு பாத்து கலாட்டா பண்ணாத."

போய்விட்டார். நானும் விட்டுவிட்டேன். பதினைந்து வருஷம் நாடி பிடித்த விரல் ஒன்று சொல்கிறது, இரவல் வாங்கிய மெஷின் இன்னொன்று சொல்கிறது, நான் மெஷினை நம்பினேன். ஏன் என்று கேட்டால், அதற்கு மேல் யோசிக்க எனக்கு நேரமில்லை, இன்னும் ஏழு பெட் இருந்தது. இன்று வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிற சமாதானம் இதுதான். ஒருநாளும் இது எனக்குப் போதவில்லை.

வெளியே போனபோது தையல்காரரின் மனைவி எழுந்து நின்றாள். எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நல்லா இருக்கார் என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு அதிகாரி ஆறாம் பெட்டுக்கு வந்தார். கடிகார முள் பன்னிரண்டைத் தொட்டது. மானிட்டரில் எண்பத்தெட்டு அழிந்து எண்பத்தாறு வந்தது. தொண்ணூற்றாறு வந்தது. அவர் சார்ட்டோடு ஒப்பிட்டார். எண்பத்தாறு, தொண்ணூற்றாறு. இத்தனை ஆஸ்பத்திரி பார்த்ததில் ஒரு புள்ளிகூட விலகாத சார்ட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்று என்னைப் பாராட்டினார்.

அவருக்குப் பின்னால் படுத்திருந்தவரின் வாயோரம் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது.

ஒரு மணிக்கு எண்பத்தெட்டு.

இரண்டுக்கு ஐந்து நிமிடம். அடுத்த ஷிப்ட் இன்னும் வரவில்லை. நான் ஆறாம் பெட் பக்கத்தில் நின்றேன். முகமூடிக்குள் ஆவி படியவில்லை. ஆனால் உள்ளேயிருந்து குரல் வந்தது. உதடு அசையவில்லை.

"சிஸ்டர்... அடுத்து எழுதுங்க."

சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன், இல்லை. சார்ட் அதிகாரியிடம் இருந்தது, நகல் எடுக்க வாங்கிப் போயிருந்தார்.

மணி இரண்டு. கோடு நேராகிவிட்டது.

டாக்டர் வந்து கையைத் தூக்கிப் பார்த்தார். கை மடங்கவில்லை, விறைத்திருந்தது. அவர் என்னைப் பார்க்காமலே இரண்டு ஐந்து என்று நேரம் எழுதினார். எங்கள் பிரிவுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு மார்க். இருக்கிற ஆட்களே போதும் என்று அறிக்கையில் எழுதி, நாங்கள் கேட்டிருந்த நாலு நர்சையும் மறுத்துவிட்டார்கள். தையல்காரரின் மனைவி போகும்போது என் கையைப் பிடித்து, கடைசி வரைக்கும் கூடவே இருந்தீங்களே என்றாள்.

நான் கெஞ்சிக் கூத்தாடி வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டேன். ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை, பத்தாவது படிக்கும் என் மகளுக்கு மூச்சு இரைத்தது. இரண்டு நாள் காய்ச்சல்தான். ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை அவள் விரலில் மாட்டினேன். நாடி எண்பத்தெட்டு, ஆக்சிஜன் தொண்ணூற்றேழு. உதடு நீலமாக இருந்தது. கிளிப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். உள்ளே விரலே இல்லாமல் அது எண்பத்தெட்டு காட்டிக்கொண்டிருந்தது.

மணி பதினொன்று.

அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினேன். எங்கே ஓடுவது? நாலு மணி நேரம் தாங்க மாட்டாள். எங்கள் பிரிவில் காலியாக இருந்தது ஆறாம் பெட் மட்டும்தான். ஜெட் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள். மகளைப் படுக்கவைத்து மானிட்டரை மாட்டிவிட்டு, சார்ட்டைக் கையில் எடுத்தவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அக்கா, இதுக்கு எப்ப அட்வான்ஸ் போட்டீங்க?"

மகள் பேர் இருந்தது. இரண்டு மணி வரைக்கும் எழுதியிருந்தது. என் கையெழுத்து.

இந்தத் தடவை பேனா என் பையில் இருந்தது. மூன்று மணிக்கு எண்பத்தாறு எழுதினேன். நாலுக்கு எண்பத்தெட்டு. தாள் தீர்ந்ததும் வேறு தாள் வாங்கிக்கொண்டேன். டாக்டர் வருகிறார், மானிட்டரைப் பார்க்கிறார், பரவாயில்லையே என்று சொல்லிவிட்டுப் போகிறார். இது மூன்றாம் நாள். ஜெட் சாப்பிடக் கூப்பிடுகிறாள், போர்வை மாற்றவா என்று கேட்கிறாள். வேண்டாம் என்கிறேன். அடுத்த வாரம் புதன்கிழமை வரைக்கும் எழுதிவிட்டேன்.

அவள் காலை மட்டும் நான் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.