ஒட்டுப்போட்ட விவரம்: இல்லை

"நிறுத்துங்க!"

ரம்பத்துக்கும் படகுக்கும் நடுவில் வந்து நின்றான் ஒருவன். தலையெல்லாம் மழைநீர்...

"அறிவிருக்கா? ரம்பம் ஓடுறது கண்ணுக்குத் தெரியல?" என்று பாய்ந்தாள் அவள். ஓய்வுபெற்ற மீட்புப் படகுகளைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் அந்தப் பட்டறையின் இன்ஜினியர். ரம்பம் பிடித்திருந்தவர் அவளுடைய அப்பா.

"இடப்பக்கம் அடியில இரும்புத் தகடு இருக்கு. நான்தான் வெச்சு ஒட்டினேன். இந்தப் படகை ஓட்டினவன் நான்."

அவள் படகோடு வந்த படிவத்தைப் புரட்டினாள். ஒட்டுப்போட்ட விவரம்: இல்லை. கீழே அவன் கையெழுத்து.

"தகடு ஒட்டின அன்னைக்குப் புயல். அடியில ஓட்டைன்னு எழுதியிருந்தா படகைக் கரையிலயே நிறுத்திருப்பாங்க. கடல்ல பதினோரு பேர்..."

அந்தக் கண்கள் பொய் சொல்லவில்லை. சே, இப்போதா கண்ணைப் பார்ப்பது!

"சரி, எழுதிக் குடுங்க."

"வாயால சொன்னா போதாதா? எழுதினா என்னைக் கடலுக்கு விடமாட்டாங்க."

"ஃபைபரை அரைச்சு சிமெண்ட் ஆலைக்கு அனுப்புறோம். இரும்பு போனா அரவை மெஷின் காலி. அதை விடுங்க... ரம்பம் தகட்டுல பட்டுச் சிதறியிருந்தா எங்கப்பா முகம் என்ன ஆகியிருக்கும்? அவர் அறுத்து அறுத்துத்தான் நான் படிச்சேன்."

அவன் திரும்பி நடந்துவிட்டான்.

"ஏம்மா, வந்து சொன்னவனை இப்படியா விரட்டுவ?"

"நீங்க சும்மா இருங்கப்பா."

போகட்டும். திமிர் பிடித்தவன்... ஆனாலும் அன்று முழுக்க வாசலையே பார்த்தாள்.

மறுநாள் மதியம் வந்தான். கையில் தகட்டு விவரம் எழுதிய கடிதம், அதில் அவன் அலுவலக முத்திரை.

"ஆறு மாசம் கடலுக்குப் போகக்கூடாதுன்னுட்டாங்க," என்றான். "உங்கப்பா முகத்தை நினைச்சா தூக்கமே வரல."

அவள் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அப்பாவின் முகத்தை நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் யார்?

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது," என்றாள். காது மடல் சுட்டது. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு?"

அவன் திகைத்தான்; பிறகு மெல்லச் சிரித்தான்.

"நேத்து திட்டினீங்களே... அப்பவே."

"எங்கப்பாகிட்ட நீங்கதான் பேசணும். பயமா இருக்கா?"

"ரொம்ப..." என்றான். "ஆனா நீங்க இல்லாமத் திரும்பிப் போறதுக்குத்தான் இன்னும் பயமா இருக்கு."