பெறப்பட்டவை: இரண்டு

"அக்கா, உன் கம்பளிச்சட்டையை எடுத்துட்டுப் போறேன். கத்தாதே, உன்னைவிட எனக்குத்தான் அது எடுப்பா இருக்கு" என்று வாசலில் நின்று தம்பி சொன்னதும், "கிழிச்சே, தொலைச்சிடுவேன்" என்று அவள் உள்ளேயிருந்து கத்தியதும்தான் கடைசிப் பேச்சு. அன்று அவன் வேலைக்குப் போன குளிர்க்கிடங்கின் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டுவிட்டது. உள்ளே போனவுடன் மயங்கிவிட்டான், தட்டவே இல்லை, வெளியே ஆளும் இல்லை என்று முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தம்பியின் கைபேசியில் ஒரு ஒலிப்பதிவு இருந்தது. இரும்பைக் குத்தும் சத்தம். அவன் குரல். பிறகு வெறும் மூச்சு.

அவன் சாவை விசாரிக்கும் குழு அதை இணையதளம் வழியாக மட்டுமே வாங்கும். தன் நிறுவனத்துக்கு மட்டும் விடுமுறையான ஒரு மதியம், ஆளில்லாத அலுவலகத்தில், பழைய ஏசியின் ஈரவாடைக்கு நடுவே உட்கார்ந்து அவள் அதை அனுப்பி அனுப்பிப் பார்த்தாள்.

"மேடம், நீங்க அனுப்பினது திறக்கவே மாட்டேங்குது" என்றார் குழுவின் எழுத்தர் தொலைபேசியில். "இன்னிக்குச் சாயங்காலம் விசாரணையை மூடிடுவோம். வேற ஆதாரம் இருந்தா குடுங்க."

"வேற ஆதாரம்னா வேற தம்பியைத்தான் சார் உள்ளே வச்சுப் பூட்டணும்."

அவர் வைத்துவிட்டார்.

நிரல் எழுதிப் பிழைக்கிறவள் அவள். கோளாறு கண்ணில் பட்டுவிட்டது. அந்தத் தளம் ஒலியையும் எழுத்து என்று நினைத்து வாசிக்கிறது. எழுத்தாகத் தேறாததையெல்லாம் கேள்விக்குறியாக மாற்றிவிடுகிறது. அவன் அலறியதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்களாம்! பல்லைக் கடித்துக்கொண்டு, பதிவை ஒரு பைட்டும் மாறாமல் அப்படியே அனுப்ப நாலு வரி எழுதினாள். அனுப்பும்போது ஒவ்வொரு பகுதியையும் பிரிக்க ஒரு வேலி வரி உண்டு. தாறுமாறான எழுத்துகளால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பது. கோப்புக்குள் அந்த வரி இருக்கக் கூடாது. இருந்தால் அந்த இடத்தில் கோப்பு இரண்டாகப் பிளந்துவிடும்.

அனுப்பினாள். பதில் வந்தது: பெறப்பட்டவை, இரண்டு.

"எங்கேடா இரண்டு? கண்ணு அவிஞ்சு போச்சா?"

தன் கணினியிலிருந்த பதிவைப் பிரித்து உள்ளே தேடினாள். வேலி வரி அங்கே இருந்தது. சற்று முன் பிறந்த வரி, மாதக்கணக்கில் பழைய பதிவின் நடுவே. மறுபடி அனுப்பினாள், புதிய வரியோடு. பழையது மறைந்து புதியது உள்ளே உட்கார்ந்திருந்தது. அவளுக்குக் கோபம்தான் வந்தது. இந்த முறை வேலியைத் தானே தட்டினாள், விசைகள் உடைகிற மாதிரி: கதவைத் திறடா நாயே.

பெறப்பட்டவை, இரண்டு.

அவள் திட்டியது, எழுத்துப் பிசகாமல், அவன் மூச்சு அடங்கும் இடத்தில் நின்றது.

அதற்குப் பிறகு வருவதைத் தனியே வெட்டியெடுத்துக் காதில் மாட்டினாள். மனப்பாடமாகக் கேட்ட பதிவில் இல்லாத பகுதி. அதே குத்தல், ஆனால் தூரத்தில், தடித்த இரும்புக்கு அந்தப் பக்கம். கிட்டத்தில் வேறொருவரின் மூச்சு. நிதானமான மூச்சு. சாவிக்கொத்து குலுங்கியது.

"இப்பத் திறந்தா சரக்கு கெட்டுடும்" என்றது முதலாளியின் குரல். "ஓய்ஞ்சதும் திறக்கலாம்."

"பாவி!" ஹெட்போனைக் காதிலிருந்து பிடுங்கி எறிந்தாள்.

குத்தல் நிற்கவில்லை.

பக்கத்து சர்வர் அறை. உள்ளேயிருந்து. தட், தட்.

"வரேன்டா. வரேன்."

கதவை இழுத்துத் திறந்தாள். ஆளில்லை. பச்சை விளக்குகள் மட்டும். கதவின் உட்புறம் முழுக்க வெண்பனி. நெஞ்சுயரத்தில், முஷ்டியளவுக் குழிகள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது.

இன்னொன்று.

சுவரிலிருந்த வெப்பமானி, எப்போதும்போல, பதினெட்டு டிகிரிதான் காட்டியது.